நெம்ருத் மலைக்கு கேம்பர்வேன்: வடக்கா, தெற்கா?

துருக்கியின் நெம்ருத் மலை, 2,100 மீட்டருக்கும் மேல். ஏற இரண்டு பாதைகள். உச்சியில் இரண்டும் சேராது, போன வழியே திரும்பணும்.

வடக்கே மலாத்யா பாதை, தனிமை தேடுகிறவர்களுக்குச் சரி.

என் ஓட்டு தெற்கே காஹ்தா பாதைக்குத்தான். கடைசி ஏற்றத்தில் படுக்கையும் சமையல் வசதியும் சுமக்கும் கனமான கேம்பர்வேன் முதல் கியரில் முனகும். இறங்கும்போதும் சின்ன கியர்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும். ஆனால் வழியில் ஜெண்டெரே ரோமானியப் பாலம் இருக்கிறதே! நான்கு தூண்களில் மூன்றுதான் நிற்கின்றன. தம்பி கெத்தாவைக் கொன்ற ரோமப் பேரரசன் கராகல்லா, தம்பிக்காக நின்ற தூணையும் அகற்றச் செய்தான் என்பார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் மனசு கனத்துவிடும்.

அப்புறம் மேலே, அந்தியோக்கஸ் மன்னன் எழுப்பிய தெய்வங்களின் கல் தலைகள், உடலைவிட்டு உருண்டு தரையில். மேற்குத் தளத்தில் மாலை வெயில் அந்த முகங்களில் விழும்வரை இருங்கள்.