பறவை டைவர்ட்டர்: ராணுவ நிலத்து மின்பாதையில் மாட்டிப் பார்த்தவன் சொல்வது

உயர் அழுத்த மின்கம்பியில் வரிசையாகத் தொங்கிக் காற்றில் சுழலும் சின்னத் தட்டுகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பறக்கும் பறவைக்குக் கம்பி தூரத்திலேயே தெரியட்டும் என்று மாட்டுவது. லைன் வேலை பார்க்கும் நாங்கள் அதை டைவர்ட்டர் என்போம். ராணுவப் பயிற்சி நிலம் ஒன்றின் குறுக்கே போகும் பழைய 110 கேவி லைனின் திறனைக் கூட்டும் வேலையில், சுருள் வகை, தொங்குதட்டு வகை இரண்டையும் மாட்டி, பிறகு பராமரித்தும் வருகிறேன். அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைக்கு லைன் தரப்பில் கருத்து எழுதியதும் நான்தான். அதனால் பொருளையும், அறிக்கைகளில் அதை நம்பி எழுதும் விதத்தையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். எந்தப் பறவைக்காக என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். அதைச் சொல்லாமல் 'டைவர்ட்டர் பொருத்தப்படும், ஆகவே பறவைகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இராது' என்று அறிக்கையில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

முதலில் பொருள். சுருள் வகை என்பது தடித்த பிவிசி கம்பியைச் சுருட்டிய மாதிரி இருக்கும். இரண்டு முனைகளும் டவர் உச்சியில் ஓடும் மெல்லிய எர்த் வயரை இறுக்கிப் பிடிக்க, நடுப்பகுதி மட்டும் பெரிய வளையமாக விரியும். போல்ட் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, கையால் முறுக்கினாலே ஏறிவிடும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானம் குறைவு. வெயில்தான் இதற்கு எதிரி. நல்ல ஆரஞ்சு நிறத்தில் வந்தது மெல்ல வெளிறி, கடைசியில் பழைய சாம்பல் குழாய் போலாகிவிடும். வெளிறிய பிவிசி நொறுங்கவும் செய்யும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்ததா என்பதற்குச் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். சான்று தர இழுத்தடிக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

தொங்குதட்டு வகை பார்வைக்கு இன்னும் எடுப்பாக இருக்கும். மேலே ஸ்பிரிங் வைத்த கிளாம்ப், அதற்குக் கீழே சுழலும் ஒரு சின்னக் கொக்கி, அதில் உள்ளங்கையைவிடப் பெரிய தட்டு. தட்டின் இரு பக்கமும் பளபளக்கும் ஒட்டுத்தாளும், இருட்டில் கொஞ்ச நேரம் ஒளிரும் பட்டையும் இருக்கும். காற்றில் சுழன்று மின்னுவதால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஆனால் அந்தச் சுழற்சியே அதன் பலவீனமும். காற்று ஓயாத திறந்த வெளியில் கொக்கி நாள் முழுக்க உராய்கிறது. இறக்கிப் பார்த்த ஒரு தட்டில், உலோக வளையம் தேய்ந்து தேய்ந்து நூல் கனத்துக்கு வந்திருந்தது. இன்னொரு காற்றுக் காலத்தை அது தாண்டியிருக்காது. கிளாம்ப் சரியாகக் கவ்வாவிட்டால் அடுத்த தொல்லை: முழு டைவர்ட்டரும் கம்பியில் வழுக்கி வழுக்கி ஸ்பானின் (இரண்டு டவருக்கு இடைப்பட்ட கம்பி நீளத்தின்) நடுவில், கம்பி தொய்ந்திருக்கும் இடத்தில் போய்க் குவியும். கீழே இருந்து பார்ப்பவருக்கு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். பாதி ஸ்பான் வெறுமையாகக் கிடக்கும். கிளாம்பின் வாய்க்குள் ரப்பர் பட்டை இருக்கிறதா, அது உங்கள் எர்த் வயரின் விட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று மாதிரி ஒன்றை வரவழைத்து மாட்டிப் பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள்.

எர்த் வயர் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், பறவை பெரும்பாலும் மோதுவது அதில்தான். மின்சாரம் போகும் கண்டக்டர் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமன், அது பறவைக்கு ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்ததும் மேலே எழும்பும். எழும்பிய உயரத்தில், மின்னலைத் தாங்குவதற்காக டவர் உச்சியில் ஓடும் எர்த் வயர் இருக்கிறது. பழைய லைன்களில் அது ஒரு சென்டிமீட்டர்கூட இராது. டைவர்ட்டரை அங்கே மாட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உயர் அழுத்தக் கண்டக்டரில் எதையாவது தொங்கவிட்டால் கம்பியைச் சுற்றிக் காற்றில் கரோனா என்னும் மின்கசிவு கிளம்பும், இரைச்சலும் வரும்.

சரி, இது வேலை செய்கிறதா? செய்கிறது. உலகம் முழுக்க நடந்த கள ஆய்வுகளைத் திரட்டி 2019ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கம்பியில் அடையாளம் மாட்டினால் மோதல் சராசரியாகப் பாதியாகக் குறைகிறது என்றது. பாதி என்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றை ஒட்டிய சரணாலயத்தில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். தட்டுக்குப் பதிலாக, புற ஊதாவை ஒட்டிய ஒளியைக் கம்பிமேல் பாய்ச்சினார்கள். இரவில் தங்குமிடம் திரும்பும் சாண்ட்ஹில் கொக்குகள் மோதுவது 98 சதவீதம் குறைந்தது. மனிதக் கண்ணுக்கு அந்த ஒளி அவ்வளவாகத் தெரியாது, பறவைக்குத் தெரியும். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது.

அப்புறம் தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில் நடந்த பெரிய ஆய்வு, 2021ல் வெளியானது. ஒரே லைனில் அடையாளம் மாட்டிய ஸ்பான், மாட்டாத ஸ்பான் என்று பிரித்து வைத்துக்கொண்டு, கீழே விழுந்து கிடந்தவற்றைப் பல வருடம் எண்ணினார்கள். நீலக் கொக்குகள் மோதுவது 92 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய பறவைகளை மொத்தமாகப் பார்த்தால் 51 சதவீதம். புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில் (பஸ்டர்டு) இனத்துக்கு மட்டும் எந்தப் பயனும் தெரியவில்லை. சுருளும் பயன்படவில்லை, தொங்குதட்டும் பயன்படவில்லை.

காரணம் கண் அமைப்பில் இருக்கிறது. 2010ல் வந்த ஒரு ஆய்வு ஆப்பிரிக்காவின் கோரி கானமயிலின் பார்வைப் புலத்தை அளந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து முன்னால் பார்க்கும் பகுதி மிகக் குறுகல். பறக்கும்போது தரையைக் கவனிக்கத் தலையை வெறும் 25 டிகிரி தாழ்த்தினாலே, போகும் திசை முழுக்க அதற்கு இருட்டு. கொக்குக்கு அந்தக் கணக்கு 35 டிகிரி. முன்னால் பார்க்காத பறவைக்கு முன்னால் எத்தனை தட்டு மின்னினால் என்ன? அதோடு பெரிய கானமயில் இனங்களில் ஆண் பறவை பத்துக் கிலோவைத் தாண்டும். கடைசி நொடியில் கம்பியைப் பார்த்துவிட்டாலும் அவ்வளவு கனத்தைச் சட்டென்று திருப்ப முடியாது.

ராணுவ நிலம் இங்கேதான் வருகிறது. கானமயில் இனங்களுக்கு உழாத, வீடு கட்டாத, ஆள் நடமாட்டம் குறைந்த பரந்த புல்வெளி வேண்டும். அப்படிப்பட்ட நிலம் இன்றைக்கு எங்கே மிச்சம் இருக்கிறது? பல நாடுகளில் ராணுவ வேலிக்குள்தான். இங்கிலாந்தில் 1832க்குப் பிறகு இனப்பெருக்கம் செய்யாமல் அற்றுப்போன ஐரோப்பியப் பெருங்கானமயிலை 2004 முதல் மறுபடி விட்டு வளர்ப்பது சாலிஸ்பரி சமவெளியில். அந்த நாட்டின் மிகப் பெரிய ராணுவப் பயிற்சி நிலம் அது. நம் கானமயிலுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான இருப்பிடங்களில் ஒன்று ராஜஸ்தானின் பொக்ரான் ராணுவச் சுடுதளமும் அதை ஒட்டிய பகுதியும். இயற்கையில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று சொல்லப்படும் பறவை அது. அந்த வட்டாரத்து மின்கம்பிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2021 ஏப்ரலில் வந்த உத்தரவு, குறிப்பிட்ட பகுதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, அதுவரை டைவர்ட்டர் மாட்டச் சொன்னது. 2024 மார்ச்சில் நீதிமன்றம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டருக்குப் பொதுவாக விதித்திருந்த கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டு, எங்கே எது சாத்தியம் என்று பார்க்க நிபுணர் குழு அமைத்தது.

ஆக, டைவர்ட்டர் கைகொடுக்காத பறவை அதிகமாக ஒதுங்கும் இடங்களில் ஒன்று ராணுவ நிலம். மதிப்பீட்டு அறிக்கையில் எந்தப் பறவை என்ற கேள்வியே எழாமல் டைவர்ட்டர் என்று எழுதினால், நீர்நிலையோரத்துக் கொக்குக்கான மருந்தைக் கானமயிலுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மண்ணுக்கடியில் கேபிள் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை, ஆனால் சுடுதளத்தில் ஒரு முறை குழி வெட்டச் சொன்னால் புரியும். வெடிக்காத குண்டுகள் எத்தனை ஆழத்தில் எங்கே கிடக்கின்றன என்று முழுசாக யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மீட்டரையும் ராணுவத்தின் வெடிபொருள் பிரிவு கருவி வைத்துத் தேடி, கிடைத்ததை அப்புறப்படுத்திய பிறகே மண்வெட்டி இறங்கும். நெடுக வெட்டினால் அந்தப் புல்வெளியையே கிழிக்கிறோம். இருக்கிற சாலையின் ஓரமாகவே கேபிளைக் கொண்டுபோவது, கானமயில் கூடும் பகுதியில் மட்டும் கேபிளும் மற்ற இடத்தில் மேலே கம்பியுமாக வைப்பது, அல்லது லைனையே நிலத்தின் எல்லைக்கு ஒதுக்குவது. இந்த மூன்றையும் அறிக்கை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். எங்கள் திட்டத்தின் முதல் வரைவில் அது இல்லை. 'இருக்கும் பாதையிலேயே மேம்பாடு' என்பதும் 'ஒன்றும் செய்யாமல் விடுவது' என்பதும் மட்டுமே இருந்தன. நான் எழுதிக் கொடுத்ததில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

இன்னொரு சிக்கலைப் பொருள் விற்பவர் சொல்லமாட்டார். டைவர்ட்டர் மாட்டிய பிறகு அது பலன் தருகிறதா என்று அறிய முக்கியமான வழி, லைனுக்குக் கீழே நடந்து செத்த பறவைகளைத் தேடுவதுதான். சாதாரண நிலத்திலேயே இது கடினம். நரியும் நாயும் இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போய்விடும், புல் மறைக்கும், தேடுபவர் கண்ணும் தப்பவிடும். அதற்கெல்லாம் கணக்கில் திருத்தம் போட முறைகள் உண்டு. சுடுதளத்தில் இதோடு, சுத்தம் செய்த நடைபாதையைவிட்டு ஒரு அடி விலகக்கூடாது. பயிற்சி நடக்கும் வாரங்களில் உள்ளே போகவே அனுமதி இல்லை. கம்பியில் அடிபட்ட பறவை நேர் கீழே விழும் என்பதும் இல்லை, தள்ளாடிப் பறந்து தூரத்தில் போய்ச் சாகும். கடைசியில் 'கண்காணிப்பில் குறைவான இறப்புகளே பதிவாயின' என்று ஒரு வரி வரும். தேட முடிந்த பரப்பு எவ்வளவு, தேட முடியாதது எவ்வளவு என்பது அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இரவுப் பறப்பையும் கவனியுங்கள். ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து பழகும் நிலத்தில், விளக்கு வைத்த டைவர்ட்டருக்கு அந்தப் படைப்பிரிவின் ஒப்புதல் தேவைப்படும். வாங்கிக் கிடங்கில் அடுக்கிய பிறகு கேட்காமல், மதிப்பீட்டுக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். விமானங்களுக்காக மாட்டும் பெரிய ஆரஞ்சு உருண்டைகள் ஏற்கெனவே இருக்கும் ஸ்பான்களில் இரண்டையும் சேர்த்து இடைவெளி கணக்கிட வேண்டும். காற்று அழுத்தமும் எடையும் டவருக்குத்தான் போய்ச் சேரும்.

மோதல் வேறு, ஷாக் அடித்துச் சாவது வேறு. பல அறிக்கைகள் இரண்டையும் குழப்புகின்றன. கழுகும் ஆந்தையும் கம்பத்தில் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும்போது சாவதற்கு டைவர்ட்டர் எந்த விதத்திலும் உதவாது. மின்பாகங்களுக்கு நடுவே கிடைமட்டத்தில் ஒன்றரை மீட்டர், செங்குத்தில் ஒரு மீட்டர் என்ற கழுகுக்கான இடைவெளியைக் குறுக்குக் கையிலேயே கொடுத்துவிட வேண்டும், முடியாத இடத்தில் உறை போட வேண்டும். பெரிய டவர் லைன்களில் இது பெரும்பாலும் பிரச்சினையாக வராது. ராணுவ முகாமுக்குள் கிளை பிரியும் சின்ன லைன்களில் வரும், மேம்பாட்டுத் திட்டத்தில் அவற்றை மறந்துவிடுவார்கள்.

எங்கள் பாதையில் தாழ்வான ஈரநிலம் ஒன்றைக் கடக்கும் ஸ்பான்களில் தொங்குதட்டு மாட்டினோம். கொக்கும் வாத்தும் விடியலில் கூட்டமாகக் கடக்கும் இடம் அது. லைனின் இந்தப் பக்கம் தூரத்திலேயே கூட்டம் மேலெழும்பி, எர்த் வயருக்கு மேல் நல்ல இடைவெளி விட்டுத் தாண்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஸ்பான்களுக்கு இந்தப் பொருளை மனமாரப் பரிந்துரைப்பேன். ஆள் ஏறிப் பராமரிக்க வருடக்கணக்கில் அனுமதி கிடைக்காத உள்பகுதிகளுக்கு, பளபளப்பு குறைந்தாலும் சுருளே மேல்.

மாட்டுவதற்குச் சரியான நேரம், கண்டக்டர் மாற்ற லைனை நிறுத்தும் அதே நாட்கள். மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதியான லைன் கிளியர் கையில் இருக்கிறது, ஆட்கள் டவரில் இருக்கிறார்கள், ராணுவ அனுமதியும் இருக்கிறது. பிறகு என்று தள்ளினால் டிரோன் வைத்து மாட்ட வேண்டும், சுடுதளத்து வானில் அதற்கு வேறு அனுமதி. ஆர்டர் கொடுக்கும்போதே பத்தில் ஒரு பங்கு உபரியாகவும், கிளாம்பும் கொக்கியும் தனி உதிரியாகவும் வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது தொலைநோக்கியால் ஸ்பான் ஸ்பானாகப் பார்த்து, எது வழுக்கியது, எது விழுந்தது, எது வெளிறியது என்று எழுதும் பொறுப்பு மின்வாரியத்துக்கா ராணுவத்துக்கா என்பதையும் இறுதி அறிக்கையில் பதவியின் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அறிக்கையில் அந்த வரி வருவதற்குள் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டே இருந்தன. இப்போது அது இருக்கிறது.