பழைய ஏணியில் தையல் போர்வைகள்: சில வருடம் வைத்துப் பார்த்த அனுபவம்

நல்ல தையல் போர்வை நாலைந்து சேர்ந்துவிட்டால் அவற்றை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. பீரோவுக்குள் போனால் அடுத்த மார்கழி வரை கண்ணில் படாது. சுவரில் மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குளிருகிறது என்று யாரும் எடுத்துப் போர்த்திக்கொள்ள மாட்டார்கள். பழைய ஏணியைச் சுவரில் சாய்த்துப் படிகளில் போர்வைகளைப் போட்டு வைத்தால் இரண்டும் நடக்கும். 2018-இல் எங்கள் கோவை வீட்டுக் கூடத்தில் முதல் ஏணி வந்தது. அப்புறம் படுக்கையறைக்கு இன்னொன்று. இரண்டும் இன்றும் இருக்கின்றன, எனக்கு ரொம்பவும் பிடித்திருக்கிறது. ஆனால் சாய்த்து வைத்துவிட்டு மறந்துவிடுகிற பொருள் இது இல்லை. அதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் போர்வைகள். தார்வாடில் வேலை பார்த்த காலத்தில் கிடைத்த இரண்டு கௌதி, பஞ்சு வைத்துத் தைத்த ஜெய்ப்பூர் ரஜாய் ஒன்று, பழந்துணிகளை அடுக்கித் தைத்த வங்காளத்துக் காந்தா ஒன்று, அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தைத்த பழஞ்சேலைப் போர்வை ஒன்று. வட கர்நாடகத்தில் பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டி, முழுக்க ஓட்டுத் தையல் போட்டுத் தைப்பதுதான் கௌதி. என்னிடம் உள்ள பெரிய கௌதியில் இல்கல் சேலையின் சிவப்புக் கரையும், குளேதகுட்டா ஊரின் 'கண' என்னும் ரவிக்கைத் துணியின் சின்னச் சின்னக் கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ரவிக்கைத் துண்டு ஒன்றில் பழைய கொக்கி இருந்த இடத்தின் ஓட்டைகூட அப்படியே தெரியும். யெல்லாப்பூர், ஹலியாள் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்களும் இதே மாதிரி தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நாலு மூலையிலும் பூ மாதிரி மடித்த ஒரு துணித் துண்டு வைத்தால்தான் அவர்களுக்கு அந்தப் போர்வை முழுமை. இப்படிப்பட்ட கைவேலையை மடித்து அலமாரியில் போட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கூடத்து ஏணி அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்து மூங்கில் ஏணி. தேங்காய் போடவும் அட்டாலியில் (பரணில்) ஏறவும் வைத்திருந்தது, பன்னிரண்டடி உயரம். கல்மூங்கில் என்பதால் நல்ல கனம். அதை ஏழடியாகக் குறைக்க வந்த ஆசாரி, அளவு பார்த்துக் குறித்த இடத்தில் வாளை வைக்கவே இல்லை. "அம்மிணி, கணுவுக்குக் கீழ அறுத்தாத்தான் வாய் பொளக்காது. ரெண்டு விரக்கடை கூடக்கொறைய இருந்தா பரவால்லீங்க" என்றார். காரணம் சரிதான். கணுவில் உள்தடுப்பு இருக்கிறது. அதை ஒட்டி அறுத்தால் முனை மூடியே இருக்கும், வெடிக்காது, பூச்சி உள்ளே போய்க் கூடு கட்டாது. மூங்கில் ஏணி அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும் என்பதால் கனமான பெரிய போர்வை கீழ்ப்படிக்கு, சின்னது மேல்படிக்கு என்று தானாகவே முடிவாகிவிடுகிறது. படிகளுக்கு நடுவே ஓரடிதான் இடைவெளி. எல்லாப் படியிலும் போட்டால் ஒன்றை ஒன்று மறைத்துத் துணிக்கடை மாதிரி ஆகிவிடும். ஒரு படி விட்டு ஒரு படி போடுவதே சரி.

அடுத்த வருடம் கோடையில் ஏணிக் காலடியில் மைதா மாவு போலப் பொடி கொட்டியிருந்தது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டின் வேலை. மூங்கிலை வெட்டியதும் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைத்துவிடுவது நம் ஊரில் பழைய பழக்கம். ஊறாத மூங்கிலில் எப்போது வேண்டுமானாலும் இது வரும். இந்த வண்டு துணியைத் தின்னாது, ஆனால் பொடி தையலுக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது கஷ்டம். போர்வைகளை இறக்கிவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துத் துளைகளிலும் கணுக்களுக்கு இடையிலும் சிரிஞ்சால் ஏற்றினோம். மூங்கிலின் வெளித்தோல் வழுவழுப்பானது, மேலே தடவினால் மருந்து உள்ளே இறங்காது. அதனால்தான் சிரிஞ்ச். நன்றாகக் காய்ந்தபின் துளைகளை மெழுகால் அடைத்தோம். பொடி நின்றுவிட்டது. இருந்தாலும் பெருக்கும்போது இன்னமும் காலடியைப் பார்த்துக்கொள்கிறேன்.

படுக்கையறை ஏணி தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கே வாங்கியது. மேலே பச்சைப் பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தது. இந்த இடத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது ரொம்ப ஆபத்து. நாங்கள் மொட்டை மாடியில் வைத்து, பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி, மிச்சத்தை ஈர உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். சுரண்டியதையெல்லாம் கட்டிப் பையில் போட்டோம். பிறகு நிறமில்லாத பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ். அதன் வாசனை முழுக்கப் போகும் வரை, சில வாரம், துணி எதையும் அருகில் கொண்டுபோகவில்லை. தேக்கெண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ தடவலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மரத்துக்கு நல்லதுதான், ஆனால் எண்ணெய் துணியில் இறங்கும். போர்வை போடுகிற ஏணிக்கு வேண்டாம்.

பாலிஷ் போட்டாலும் மரத்தின் மேல் துணி நேராகப் படக் கூடாது. மரத்திலிருந்து மெதுவாக அமிலம் வெளிவந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் பருத்தித் துணியில் பழுப்புக் கோடு விழுவது அதனால்தான். பழைய மர அலமாரித் தட்டில் மடித்து வைத்த வெள்ளை வேட்டியில் அந்தக் கோட்டை எல்லோரும் பார்த்திருப்போம். எங்கள் ஏணிகளின் ஒவ்வொரு படிக்கும் காடா துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். காடாவை முதலில் வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அதில் உள்ள கஞ்சி போகவில்லை என்றால் அதுவே ராமபாணப் பூச்சியை வரவழைக்கும், அந்தப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். தேக்கு ஏணியின் படிகள் பட்டையானவை, விளிம்பு கூராக இருக்கும். அதனால் அவற்றில் உறைக்குள் பஞ்சுப்பட்டை சுற்றி உருண்டையாக்கினேன். மூங்கில் ஏணியின் உருண்டைப் படிக்கு அது தேவைப்படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மூங்கில் ஏணிதான் உசத்தி.

மிகப் பெரிய எதிரி வெளிச்சம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சாயத் துணிகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் வைக்கின்றன (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). பகலில் ஜன்னலோரம் நம் வீட்டுக் கூடத்தில் சாதாரணமாகவே பல நூறு லக்ஸ் இருக்கும். நேர் வெயில் விழாவிட்டாலும் வெளுக்கும், கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். பெரிய கௌதி கூடத்தில் இரண்டு கோடை இருந்தபின் பிரித்துப் பார்த்தபோது, வெளியே தெரிந்த மடிப்பில் இருந்த கத்தரிப்பூ நிறத் துண்டு சாம்பலாகியிருந்தது. உள்மடிப்பில் அதே துணி புதுசு போல இருந்தது. இல்கல் சிவப்பு அவ்வளவாக மாறவில்லை. ஒரே போர்வையில் பல வீட்டுச் சேலை, பல விதமான சாயம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வெளுக்கிறது. வெளுத்த நிறம் திரும்பி வராது. போர்வைக்கு "ஓய்வு" கொடுத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வது மடிப்புக்குப் பொருந்தும், வெளிச்சத்துக்குப் பொருந்தாது. பட்ட வெளிச்சம் பட்டதுதான், அது கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இப்போது கூடத்து ஏணி ஜன்னல் இல்லாத உள்சுவரில் இருக்கிறது. மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருக்கிறோம், மத்தியானத்துக்கு மேல் அது மூடியே இருக்கும்.

மடிப்பு அடுத்த கவலை. ஒரே கோட்டில் மடிந்து தொங்கினால் அந்த இடத்தில் நூல் நைந்து அற்றுப்போகும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, உதறி, இந்த முறை மூன்றாக மடித்திருந்தால் அடுத்த முறை நான்காக மடிப்பேன். முகப்பும் மாறும். போன மாதம் இல்கல் கரை தெரிந்தது என்றால் இந்த மாதம் கட்டம் போட்ட பக்கம். இரண்டு போர்வை ஏணியில் இருந்தால் மற்றவை பெட்டிக்குள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். இதை வேலை என்றே நான் நினைப்பதில்லை. கையில் எடுத்துப் பிரிக்கும்போதுதான் எந்தத் தையல் விட்டிருக்கிறது, எங்கே பூச்சி கடித்திருக்கிறது என்று தெரிகிறது. பீரோவில் இருந்த காலத்தில் அது தெரிந்ததே இல்லை. என் போர்வைகள் முன்பைவிட இப்போது நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் இந்தப் புரட்டல்தான்.

தூசிக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் கோவையில் ஜன்னல் திறந்திருந்தால் போதும், மேல்மடிப்பில் ஒரு படலம் படிந்துவிடும். அடிக்கடி துவைப்பது பழைய துணிக்கு ஆகாது. வேக்குவம் கிளீனர் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, குறைந்த வேகத்தில் வைத்து இழுத்தால் தையல் பிரியாமல் தூசி வந்துவிடும். கௌதியைத் துவைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பார்க்கவும். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் சாயம் விடும். நனைந்த கௌதி பயங்கர கனம். கொடியில் போட்டால் அதன் பாரத்திலேயே தையல் அறும். மாடியில் நிழலில் ஜமக்காளம் விரித்து அதன்மேல் பரப்பிக் காயவைப்பதே வழி. பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணி மூட்டையாகக் கட்டிப் படியின் பின்பக்கம் தொங்கவிடுகிறேன். இலையை நேராக மடிப்புக்குள் வைத்தால் கறை பிடிக்கும்.

ஏணியைக் கண்டால் குழந்தை ஏறும். அக்கா மகன் வந்தால் முதல் வேலை அதுதான். மேல்முனையில் இரண்டு பக்கமும் எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகியிருக்கிறோம், காலுக்கு ரப்பர் புஷ். இதைச் செய்யாமல் வெறுமனே சாய்த்து வைக்க வேண்டாம், டைல்ஸ் தரையில் ஏணி வழுக்கும்.

எல்லாவற்றையும் ஏணியில் போட முடியாது. பவானி ஜமக்காளத்தைப் போட்டுப் பார்த்தேன். விறைப்பாகப் பலகை போல நின்றது, அழகாக விழவில்லை. ஜெய்ப்பூர் ரஜாய் இலேசானது, வழுக்கி வழுக்கிக் கீழே வரும். படி உறைமேல் சொரசொரப்பான துணி வைத்தால்தான் நிற்கும். கனமும் பிடிப்பும் உள்ள கௌதிக்கும் காந்தாவுக்கும் ஏணி அளந்து செய்தது போலப் பொருந்துகிறது. அம்மிச்சியின் போர்வை மட்டும் ஏணிக்கு வரவே வராது. நெகமம் சேலைகளை நாலு மடிப்பாக அடுக்கித் தைத்தது. எங்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள் அதில் படுத்து எழுந்தன என்று தெரியாது. மேல் அடுக்கு கொசுவலை போல ஆகிவிட்டது. அதன் எடையே அதைக் கிழித்துவிடும். பொங்கல் சமயத்தில் கட்டில்மேல் விரித்து எல்லோரும் பார்ப்போம், பிறகு சுருட்டி மெல்லிய மல்லுத் துணி சுற்றிப் பெட்டியில் வைப்போம். நைந்த போர்வை யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அதைத் தொங்கவிடாதீர்கள்.

தினசரிப் பயன்பாட்டில் என்ன வித்தியாசம் என்றால், போர்வைகள் உண்மையிலேயே உபயோகத்துக்கு வந்துவிட்டன. மார்கழி, தை மாதக் குளிரில் ஏணி பாதி நாள் காலியாகவே இருக்கும். படித்துக்கொண்டிருக்கும் மகள் ஒன்றை உருவிக்கொண்டு போவாள், விருந்தினர் வந்தால் அத்தையே ஒன்றை எடுத்துக் கொடுப்பார். யாரும் என்னிடம் சாவி கேட்பதில்லை.

சென்னையில் கடலோரம் குடியிருக்கும் தங்கையும் இப்போது கேட்கிறாள். அவள் வீட்டுக்கு மூங்கில் வேண்டாம், தேக்கே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே காற்றில் எப்போதும் ஈரம், மூங்கில் கணுக்களில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். வெளிச்சுவர் ஐப்பசி மழையில் ஓதம் காக்கும் என்பதால் ஏணியை உள்சுவரில்தான் வைக்க வேண்டும், போர்வைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஏணியைக் காலியாக விட்டுவிட்டு, போர்வைகளை உலர்ந்த அறையில் உள்ள அலமாரிக்கு மாற்றிவிடச் சொன்னேன். ஒத்துக்கொண்டாள். காரைக்குடிக்கு அடுத்த முறை போகும்போது அவளுக்கும் ஒரு ஏணி பார்க்க வேண்டும், பெயிண்ட் அடிக்காததாக.