குப்பியோவா, சிவிதாவா?

ரோமிலிருந்து வடக்கே போகும்போது ஒரே ஒரு மலையூருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சிவிதா தி பான்யொரேஜோவுக்குத்தான் போவார்கள். நானும் போனேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவு தங்க நான் தேர்ந்தெடுத்தது உம்ப்ரியா மாநிலத்துக் குப்பியோவை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் அங்கேதான் தங்குவேன்.

கல் வீடுகள், குறுகலான சந்துகள், வளைவு வாசல்கள் எல்லாம் இரண்டு ஊரிலும் உண்டு. எட்ட நின்று பார்க்கும் அழகில் சிவிதாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அரித்துப்போகும் களிமண்மேல் நிற்கும் எரிமலைப் பாறைத் திட்டு அது. உள்ளே போக 1965இல் கட்டிய நடைபாலம் ஒன்றுதான் வழி. 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் பாலத்தின் கடைசி ஏற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து ஊரான ஒர்வியேத்தோவிலிருந்து வரும் பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமை நம்ப வேண்டாம்.

நான் முக்கியமாகப் பார்த்தது வேறு: ஊரின் வழக்கங்களைச் சுமக்க ஊரில் ஆள் இருக்கிறார்களா? சிவிதாவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு பலர் பக்கத்துப் பான்யொரேஜோவுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். பகலில் சந்தெங்கும் நிறைந்திருப்பது நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான். 'டொன்னா' என்ற கழுதைப் பந்தயம் ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் அங்குள்ள மண் சதுக்கத்தில் நடக்கிறது. அதை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்குமோ என்னவோ.

குப்பியோவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மே 15 அன்று 'செரோ' எனப்படும் மூன்று மரத்தூண்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஓடுகிறது. ஒவ்வொன்றும் நான்கு மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய 300 கிலோ எடை. உச்சியில் முறையே புனித உபால்தோ, புனித ஜார்ஜியார், வனத்து அந்தோணியார் சிலைகள். உபால்தோ 1160இல் காலமான இவ்வூர் ஆயர். தூக்குபவர்களுக்கு வெள்ளைக் கால்சட்டை, சிவப்பு இடுப்புக்கச்சை. மேல்சட்டை மஞ்சள், நீலம், கறுப்பு என்று அவரவர் புனிதருக்கு ஏற்றபடி. நண்பகலில் தூணை நிமிர்த்தும்போது, தூணைச் சுமக்கும் மரச்சட்டத்தின்மேல் நிற்கும் அணித்தலைவர் மண்குடத்து நீரை அடிப்பாகத்தில் ஊற்றிவிட்டுக் குடத்தைக் கூட்டத்துக்குள் வீசுகிறார். உடைந்த ஓட்டுத்துண்டுக்கு அடிதடி நடக்கிறது. வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டமாம்.

மாலையில் இஞ்ஞினோ மலையுச்சிப் பேராலயம்வரை ஓட்டம். வேடிக்கை என்னவென்றால், முந்தவே கூடாது. உபால்தோ முதல், ஜார்ஜியார் இரண்டு, அந்தோணியார் மூன்று. எந்த ஆண்டும் இதுவே வரிசை. அப்புறம் என்ன போட்டி? தூண் விழுந்ததா, சாய்ந்ததா, இடைவெளி விட்டதா என்பதுதான் மானப்பிரச்சினை. உபால்தோ அணி மேலே போனதும் ஜார்ஜியார் நுழைவதற்குள் கதவைச் சாத்தப் பார்க்கும். ஓட்டத்தை நிறுத்தாமலே தோள் மாற்றிக்கொள்கிறார்கள். இதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்கும் ஊரில் இது நடக்காது. எங்கள் விடுதிக்காரர் கறுப்புச் சட்டைக்காரர். அப்பாவும் தாத்தாவும் அந்தோணியாருக்கே தோள் கொடுத்தவர்களாம். அவருக்கு மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் மருமகனாக வந்துவிட்டதில் சின்ன வருத்தம்.

சாதாரண நாளில் போனாலும் ஏமாற்றம் இல்லை. கொன்சோலி மாளிகையில் பழைய உம்ப்ரிய மொழியில் பொறித்த ஏழு வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. மலைக்கு ஏற்றிச் செல்லும் கம்பிக்கூண்டு நமக்காக நிற்பதில்லை. அது நகர்ந்து வரும்போதே நம்மை உள்ளே தள்ளிவிடுவார்கள். குலை நடுங்குபவர்கள் நடந்தே ஏறலாம். பார்ஜெல்லோ நீரூற்றை மூன்று முறை சுற்றி நனைந்தால் 'பைத்தியக்காரர்' என்று சான்றிதழும் வாங்கிக்கொள்ளலாம்.

மே 15ஐ ஒட்டி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு என் யோசனை ஜூன் 2. அன்று சிறுவர்கள் சிறிய செரோக்களைத் தூக்கி ஓடுகிறார்கள். அதட்டிக்கொண்டே தந்தையர் பின்னால் ஓடுவதும் பார்க்கத் தக்கது. டொன்னா நடக்கும் ஜூன் முதல் ஞாயிறும் அதை ஒட்டியே வருவதால், கார் எடுப்பவர்கள் சிவிதாவையும் அதே வாரத்தில் முடித்துவிடலாம். படுக்கையை மட்டும் குப்பியோவில் போடுங்கள்.