கோட் இல்லாமல் கப்பல் பயணம்: பெரிய சாப்பாட்டு மண்டபமா, பஃபேயா?

சிங்கப்பூரில் கப்பல் ஏறப்போகும் திருகோணமலைக்காரர் பலருக்கு வரும் கவலை, இராச் சாப்பாட்டுக்குக் கோட் தைக்க வேண்டுமா என்பது. தைக்கத் தேவையில்லை. கப்பலில் சாப்பிட முக்கியமாக இரண்டு இடங்கள்: இருந்த இடத்துக்கே பரிமாறும் பெரிய மண்டபம், நாமே போய் எடுத்துச் சாப்பிடும் பஃபே.

உடுப்பு
மண்டபம்: சாதாரண இரவுகளில் நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த சேட்டும் போதும். ஒரு வாரப் பயணத்தில் கோட், டை போன்ற உடுப்பை எதிர்பார்க்கும் ஒன்றிரண்டு ‘ஃபார்மல்’ இரவுகள் வரலாம். குனார்ட் நிறுவனக் கப்பல்களில் அன்று கொஞ்சம் கறார்; நோர்வீஜியன் நிறுவனக் கப்பல்களில் அந்தக் கட்டாயமே இல்லை. பட்டுச் சேலை எங்கேயும் எடுபடும். அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, அப்பாதான் முழிப்பார்!
பஃபே: உப்புவெளிக் கடற்கரைக்குப் போகிற உடுப்பே போதும், ஈரமாக இல்லாவிட்டால் சரி.

காசு
இரண்டும் பொதுவாகப் பயணச்சீட்டிலேயே அடக்கம். தனிக் கட்டணம் சிறப்பு உணவகங்களுக்குத்தான்.

சாப்பாடு
மண்டபம்: பரிமாறுபவரிடம் முந்தின இரவே சொல்லிவைத்தால், பல கப்பல்களில் சைவக் கறியும் சோறும் தனியாகச் செய்து தருவார்கள். ஆனால் ஒவ்வொரு தட்டாக வரும். பசியோடு போனால் பொறுமை வேண்டும்.
பஃபே: பார்த்து எடுக்கலாம், இன்னொருமுறையும் போகலாம். ஆனால் மாட்டிறைச்சித் தட்டில் கிடந்த கரண்டி பக்கத்துப் பருப்புக்குள் போய்விடும். விரதகாரருக்கு இது சரிவராது.

சின்னப் பிள்ளைகளோடு, ஒரு கைப்பெட்டியோடு போகிறவர்களுக்குப் பஃபே. சுத்த சைவக்காரரும் ஆறுதலாக இருந்து சாப்பிட விரும்புகிறவர்களும் மண்டபத்துக்குப் போங்கள். ஃபார்மல் இரவில் மட்டும் மேலே பஃபேக்கு ஏறிவிடலாம்.