வாட்டர் சாஃப்ட்னர்: 14 மாதம் வாடகை, நான்கரை வருஷம் சொந்தம்

கோயம்புத்தூர் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணியில் இருந்து வருவது நல்ல தண்ணி, போரில் இருந்து ஏறுவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும், மற்றதுக்கெல்லாம் உப்புத் தண்ணிதான். நாங்கள் இருப்பது குனியமுத்தூர் தாண்டி, மதுக்கரைப் பக்கம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய ஊர், அப்புறம் போர் தண்ணி எப்படி இருக்கும்? ஷவர் ஓட்டையெல்லாம் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகும், எட்டு மாதத்துக்கு ஒரு ஹீட்டர் காயில் போகும். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் காட்டினார், உள்ளே கால்வாசிக்கு வெள்ளைக் காரை.

இந்தச் சுண்ணாம்பைத் தண்ணீரில் இருந்து பிரிக்கும் வாட்டர் சாஃப்ட்னர் மெஷினை 2019 ஜூனில், வாடகை வீட்டில் இருந்தபோது, முதல் தடவை வைத்தோம். அதையும் வாடகைக்குத்தான். மாதம் 1,100, பொருத்தும் கூலி 2,500, அட்வான்ஸ் 6,000, உப்பு நம் செலவு. கம்பெனிப் பெயர் வேண்டாம், எல்லாரும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. விற்க வந்த பையன் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) விட்டுக் காட்டினான், 1,400. பிறகு இரண்டு கம்பி உள்ள கருவி ஒன்றை டம்ளரில் விட்டதும் தண்ணீர் பழுப்பாகக் குழம்பி நுரைத்தது. நான் மிரண்டுபோய்க் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குழம்பு பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பியே கரைந்து வருவது, கொஞ்சம் உப்புப் போட்ட எந்தத் தண்ணீரிலும் வரும் என்பது பிறகுதான் புரிந்தது. இன்னொன்று, டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை, தனியாகக் காட்டாது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அதுக்குப் பதிலாக சோடியத்தை விடுகிறது, அவ்வளவுதான். மெஷினுக்கு முன்னால் 1,400 என்றால் பின்னாலும் சுமார் 1,400தான் இருக்கும். டி.டி.எஸ். குறையும் என்று சொல்லி யாராவது சாஃப்ட்னர் விற்றால், அவருக்கே தான் விற்பது என்னவென்று தெரியவில்லை.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தது அதுக்கப்புறம்தான். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. கடினத்தன்மை லிட்டருக்கு 650 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது 200, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. இரும்பு 0.6 மில்லிகிராம். இந்த இரும்பு பின்னால் எவ்வளவு வேலை வைக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்த வாடகை மெஷினில் இருந்தது 15 லிட்டர் ரெசின், கடினத்தைப் பிடித்து வைக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். ஒரு லிட்டர் ரெசின் சுமாராக 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 15 லிட்டருக்கு 750 கிராம். நம் தண்ணீரில் லிட்டருக்கு 0.65 கிராம், வகுத்துப் பாருங்கள், 1,150 லிட்டரில் கதை முடிந்தது. நாலு பேர் இருக்கும் வீட்டில் நாளைக்கு 500 லிட்டர் போகும், ஆக இரண்டு நாளுக்கு ஒருமுறை உப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அப்போதுதான் ரெசின் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். விற்றவன் சொன்னது வாரம் ஒருமுறை! முதல் மாதம் முழுக்க, பாதி நாள் உப்புத் தண்ணியிலேயே குளித்துக்கொண்டு "மெஷின் வேலை செய்யவே இல்லை" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, நான்தான் அதுக்குச் சாப்பாடு போடவில்லை.

பிரஷர் இன்னொரு தலைவலி. மாடித் தொட்டியில் இருந்து கீழே இறங்கும் குழாயில் பொருத்திவிட்டுப் போனார்கள். தண்ணீர் 33 அடி உயரத்தில் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், எங்கள் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே பத்தடிகூட இல்லை, நடுவில் ரெசினும் வந்து உட்கார்ந்துகொண்டால் ஷவரில் தண்ணீர் சொட்டாமல் என்ன செய்யும்? கேட்டதுக்கு, "பிரஷர் பம்ப் போட்டுக்கங்க சார்" என்றார்கள். வாடகை வீட்டில், அடுத்தவர் தொட்டிக்கு நான் பம்ப் போடுவதா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சர்வீஸுக்கு ஆள் வரவில்லை, அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வாடகை மட்டும் மாதாமாதம் வங்கியில் இருந்து போய்க்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் திருப்பிக் கொடுத்தபோது அட்வான்ஸில் 2,500 பிடித்துக்கொண்டார்கள், ரெசினில் இரும்பு ஏறிவிட்டதாம். மெஷின் அவர்களுடையது, தண்ணீரைப் பார்த்துத்தானே பொருத்தினார்கள் என்று சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். வாடகைக்கு எடுக்கிறவர்கள் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் ரெசின் கெட்டால் யார் மாற்றித் தருவது என்பதைப் பார்த்துவிடுங்கள்.

2021 பிப்ரவரியில் சொந்த வீட்டுக்கு வந்தோம். இந்தத் தடவை எங்கே பொருத்துவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மெஷின் வாங்கினேன். போர் தண்ணி சம்புக்கு வரும், அங்கிருந்து மோட்டார் மேலே ஏற்றும் குழாயில் மணல் ஃபில்டர், அதை அடுத்து சாஃப்ட்னர். மாடியில் இரண்டு தொட்டி, ஒன்றில் சாஃப்ட் தண்ணீர், இன்னொன்றில் நேரடி உப்புத் தண்ணி. அழுத்தத்தை மோட்டாரே கொடுத்துவிடுகிறது, ஷவரில் சொட்டும் பிரச்சினை இல்லை. கழிப்பறை ஃபிளஷ், செடி, வண்டி கழுவுவது எல்லாம் உப்புத் தண்ணித் தொட்டியில் இருந்துதான். 40 லிட்டர் ரெசின், கையால் திருப்பும் வால்வு, 38,000. இரண்டாவது தொட்டிக்கும் குழாய் வேலைக்கும் 9,000.

40 லிட்டர் ரெசினுக்கு ஒரு தடவைக்கு 6 கிலோ கல் உப்பு. கணக்குப்படி 3,000 லிட்டர் வரும், நான் ஐந்து நாளுக்கு ஒருமுறை கழுவிவிடுகிறேன். முதலில் பத்து நிமிஷம் பின்னோக்கிக் கழுவ வேண்டும், அடுத்து அரைமணிக்கு மேல் உப்புக் கரைசல் இழுக்கும், கடைசியில் அலசல், மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொரு தடவையும் 250, 300 லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, இதை எந்த விற்பனையாளரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. மாதம் 35 கிலோவுக்கு மேல் உப்பு, 25 கிலோ மூட்டை 280 ரூபாய்க்கு வாங்குகிறேன், ஆக 400 ரூபாய். கல் உப்புதான் வேண்டும், சமையலுக்கு வாங்கும் தூள் உப்பு தொட்டியின் அடியில் பாறை மாதிரி இறுகிக்கொள்ளும், ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் கழிவு உப்புத் தண்ணீரை மழைநீர்க் குழிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், உங்கள் போரையே நீங்கள் கெடுத்துக்கொள்வீர்கள்.

நன்மை என்ன என்று கேட்டால், நான்கரை வருஷத்தில் ஹீட்டர் காயில் ஒன்றுகூட மாற்றவில்லை. சலவைத் தூள் பாதியாகக் குறைந்தது. டைல்ஸில் வெள்ளைக் கறை இல்லை. ஊரில் இருந்து வந்த மாமியார்தான் முதல் நாள் குளித்துவிட்டு வந்து, "ஏனுங்க மாப்ள, சோப்பு போகவே மாட்டேங்குது, கொழகொழன்னு இருக்குதுங்க" என்றார். அது சோப்பு இல்லை அத்தை, சாஃப்ட் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன், நம்பவில்லை. பத்து நாளில் பழகிவிட்டது. முடி கொட்டுவது நிற்குமா என்று கேட்பவர்களுக்கு, என் முடி அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சீப்பில் சிக்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று மனைவி சொல்கிறாள், அவ்வளவுதான்.

குடிக்கிறதுக்கு இது வேண்டாம். 650 கடினத்துக்குப் பதிலாக லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் சேர்கிறது, பிரஷர் மாத்திரை போடுகிறவர் வீட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். எங்களுக்குச் சிறுவாணி இருக்கிறது, பிழைத்தோம். செடிக்கும் கூடாது. மனைவி ஒரு மாதம் மறந்துபோய் சாஃப்ட் தண்ணீரை ஊற்றி, தொட்டியில் இருந்த கறிவேப்பிலை நுனியெல்லாம் கருகி நின்றது.

மூன்றாம் வருஷம் அந்த இரும்பு வேலையைக் காட்டியது. தேன் நிறத்தில் இருந்த ரெசின் மணி செங்கல் நிறத்துக்கு மாறியது, ஐந்து நாள் ஓடியது மூன்று நாளில் தீர்ந்துபோனது. சிட்ரிக் அமிலத்தில் இரண்டு தடவை ஊறவைத்ததில் கொஞ்சம் தேறியது. அப்புறம் ஒரு நாள் காலையில் ஷவரில் ரவை மாதிரி என்னமோ கொட்டியது, ரெசினை வெளியே விடாமல் தடுக்க அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் உடைந்து ரெசின் மேல் தொட்டிக்குப் போய்விட்டது. தொட்டி, குழாய், வாஷிங் மெஷின் வடிகட்டி எல்லாம் கழுவ இரண்டு நாள் ஆனது. போன வருஷம் ரெசின் முழுக்க மாற்றினோம், 8,500. சின்னச் சின்ன கேஸ்கட் செலவு 900.

இப்போது வாடகையா சொந்தமா என்ற கணக்கு. வாடகை 14 மாதத்துக்கு 15,400, பொருத்தும் கூலி 2,500, பிடித்துக்கொண்ட 2,500, மொத்தம் 20,400, மாதத்துக்கு 1,450க்கு மேல். சொந்த மெஷினுக்கு 56 மாதத்தில் 56,400, மாதம் ஆயிரத்துச் சொச்சம், அதுவும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய மெஷினுக்கு. உப்புச் செலவு இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் உப்பு மெஷினைப் பொறுத்து இல்லை, தண்ணீரைப் பொறுத்துப் போகிறது. ஒன்றரை, இரண்டு வருஷத்தில் வீடு மாறப்போகிறவர் என்றால் இன்றைக்கும் வாடகைக்கே எடுக்கச் சொல்வேன், ஆனால் ரெசின் எத்தனை லிட்டர் என்று கேட்டு, தன் தண்ணீருக்கு எத்தனை நாள் வரும் என்று தானே வகுத்துப் பார்த்துவிட்டு. சொந்த வீட்டில் இருக்கிறவர் வாடகை கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அடுத்ததாக ஆட்டோமேட்டிக் வால்வு மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வகை இருக்கிறது, நாள் கணக்கில் கழுவுவது ஒன்று, எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று மீட்டர் பார்த்துக் கழுவுவது இன்னொன்று. முதல் வகை விலை குறைவு, ஆனால் நாம் ஊருக்குப் போயிருந்தாலும் தன்பாட்டுக்கு உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கும். மீட்டர் வகைக்கு 16,000 கேட்கிறார்கள். "ஐந்து நாளுக்கு ஒருக்கா அந்த வால்வைத் திருப்பக்கூட உங்களுக்கு வலிக்குதா" என்கிறாள் மனைவி. போன தீபாவளிக்கு நான் ஊரில் இல்லாதபோது திருப்பியது அவள்தான், திருப்பிய பக்கம்தான் தப்பு.