ஆறு வருஷம், மூன்று வயரிங்: சொந்தமாகச் செய்த கிட்டாரில் கடைசியில் நின்ற ஸ்விட்சுகள்

பாடியை அறுத்து, தேய்த்து, பாலிஷ் போட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஸ்விட்ச் போடுவது? என்னிடம் இருந்தவை இரண்டு ஹம்பக்கர்கள், அதாவது ஹம் எனும் மின் இரைச்சல் அடங்க இரண்டு காயில்களைச் சேர்த்துச் செய்த பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுபவை). இரண்டிலும் ஒவ்வொரு காயிலின் இரு முனையும் தனித்தனி வயராக வெளியே வரும் ரகம். அப்படி நாலு வயர் கையில் சிக்கிவிட்டால் ஆசை யாரை விட்டது?

போதாக்குறைக்கு, அந்தச் சமயம் மனசில் உட்கார்ந்திருந்தது ரெட் ஸ்பெஷல். 1963-ல் குயீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டார். மூன்று பர்ன்ஸ் பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச், ஒரு ஃபேஸ் ஸ்விட்ச் (பிக்கப்பின் சிக்னலைத் தலைகீழாகத் திருப்புவது), ஆக ஆறு. வீட்டில் செய்த கிட்டார் என்றால் ஸ்விட்ச் வரிசையாக இருக்க வேண்டும் என்று எனக்குள் எப்படியோ பதிந்துவிட்டது.

முதல் வயரிங் இப்படி: நெக் (கழுத்துப் பக்கம்) பிக்கப்பா, பிரிட்ஜ் (கம்பி உட்காரும் பாலத்துப் பக்கம்) பிக்கப்பா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்க வழக்கமான மூன்று நிலை செலக்டர் ஒன்று. ஒவ்வொரு ஹம்பக்கருக்கும் சீரீஸ் (இரண்டு காயிலும் ஒன்றன்பின் ஒன்றாக), ஒற்றைக் காயில், பேரலல் (இரண்டும் பக்கம் பக்கமாக) என்று மாற்ற ஒரு குட்டி டாகிள் ஸ்விட்ச். பிரிட்ஜ் பிக்கப்புக்கு ஃபேஸ் டாகிள் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தனித்தனியாக ஆறு சத்தம், இரண்டும் சேர்ந்தால் ஒன்பது, ஃபேஸ் திருப்பினால் இன்னொரு ஒன்பது. மொத்தம் 24. முதல் வாரம் அந்த எண்ணைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்தில் சந்தேகம் வந்தது. கிட்டாரின் பின்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, 24 சத்தத்துக்கும் எண் எழுதி, வாசிக்கும்போது எதில் போய் நிற்கிறேனோ அதன் பக்கத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கோடு விழுந்திருந்தது ஏழு இடத்தில். அதிலும் இரண்டு இடத்தில் ஒற்றைக் கோடு, அநேகமாகத் தவறுதலாகப் போனது. இந்தப் பதிவில் இருந்து ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதானால் அந்த டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் கதையும் இதுதானே. 1954-ல் மூன்று நிலை ஸ்விட்சோடு வந்தது. வாசிக்கிறவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்சைப் போட்டது 1977-ல்தான். கை முதலில் கேட்டது, ஸ்விட்ச் பிறகு வந்தது.

சரி, எது ஏன் தோற்றது?

ஒற்றைக் காயில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஹம்பக்கரில் ஒரு காயிலை கிரவுண்டுக்குத் தள்ளிவிட்டால் சிங்கிள் காயில் சத்தம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓரளவு வரும். கூடவே இரைச்சலும் வரும், வால்யூமும் இறங்கும். தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது இந்த இறக்கம் பெரிதாகத் தெரியாது. டிரம்ஸோடு சேர்ந்து ஒத்திகை பார்த்த முதல் நாள், பாட்டின் நடுவில் ஒற்றைக் காயிலுக்கு மாற்றினேன். கிட்டார் காணாமல் போய்விட்டது. வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்கவில்லை. ஆம்பை ஏற்றினால் திரும்ப ஹம்பக்கருக்கு வரும்போது காதைக் கிழிக்கிறது. எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் வால்யூமையும் கூடவே திருக வேண்டும் என்றால், அது பாதி ஸ்விட்ச்தான்.

பேரலல் அப்படி இல்லை. அதிலும் சத்தம் குறையும், ஆனால் இரண்டு காயிலும் வேலை செய்வதால் ஹம் வராது. மேல் ஸ்தாயி நன்றாகத் திறந்துகொள்ளும். நெக் பிக்கப்பில் இதைக் கேட்டபோது, இத்தனை நாள் ஒற்றைக் காயிலில் தேடியது இதைத்தானா என்று தோன்றியது. ஒற்றைக் காயில் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், இரண்டு காயிலும் சேரும் முனையை நேரே கிரவுண்டுக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பாருங்கள். நான் வைத்தது 2.2 கிலோ ஓம். இரண்டாவது காயில் கொஞ்சம் உயிரோடு இருக்கும், சத்தம் அவ்வளவு மெலியாது.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஆன்-ஆன்-ஆன் டாகிளில், அதாவது மூன்று நிலையிலும் இணைப்பு கொடுக்கும் டாகிளில், இரண்டு ரகம் உண்டு. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மேலும் கீழும் தள்ளினால் இரண்டும் ஒன்றுதான். நடு நிலையில் மட்டும் உள்ளே இருக்கும் இணைப்பு கண்ணாடியில் பார்த்தது போல மாறிவிடும். என் வயரிங் படம் ஒரு ரகத்துக்கு வரைந்தது, வாங்கி வந்ததில் ஒரு டாகிள் அடுத்த ரகம். அதனால் நடு நிலையில் எந்தக் காயில் வாசிக்க வேண்டுமோ அது செத்து, மற்றது வாசித்தது. ஒரே ஜோடி ஹம்பக்கர்களில் ஹம் அடங்க வேண்டுமென்றால், ஒன்றில் ஸ்க்ரூ காயிலும் (மேலே திருகுகள் தெரியும் காயில்) இன்னொன்றில் அடுத்த காயிலும் இருக்க வேண்டும். எனக்கு இரண்டிலும் ஸ்க்ரூ காயில் விழுந்து, வண்டு மாதிரி இரைந்தது. இரண்டு சாயங்காலம் கிரவுண்டு வயரைச் சந்தேகப்பட்டு, பற்றவைத்த ஈயத்தையெல்லாம் திரும்ப உருக்கிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். வயரிங் முடிந்ததும் கிட்டார் கம்பி மாட்டுவதற்கு முன்பே கேபிளைச் சொருகி, மறுமுனையில் பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் மல்டிமீட்டர் வைப்பேன். என் பிக்கப் 8 கிலோ ஓம் சுற்று. சீரீஸில் 8-க்குக் கொஞ்சம் கீழே காட்ட வேண்டும் (குறுக்கே 500 கிலோ ஓம் வால்யூம் பாட், அதாவது திருகும் ரெசிஸ்டர், இருக்கிறதே). ஒற்றைக் காயிலில் 4, பேரலலில் 2. எண் சரியாக வந்தால், ஆம்பில் சொருகி ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒவ்வொரு காயிலையும் லேசாகத் தட்டுவேன். உயிருள்ள காயில் ‘டொக்’ என்று பதில் சொல்லும், மற்றது முனகும். பத்து நிமிஷ வேலை, இரண்டு சாயங்காலம் மிச்சம்.

ஃபேஸ் விஷயத்தில் நான் இரண்டு மனசாகவே இருந்தேன். இரண்டு பிக்கப்பும் எதிர் ஃபேஸில் சேர்ந்தால் கீழ் ஸ்தாயி கரைந்து, மூக்கால் பாடுவது போல ஒரு சத்தம். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன் வைத்திருந்த லெஸ் பால் கிட்டாரில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பி இருந்ததால் அவருக்குக் கிடைத்த நிறம் அது. என் டாகிளில் வந்தது வெறும் தகரச் சத்தம். ஒரு வருஷம் கழித்துத் தற்செயலாகத்தான் விஷயம் பிடிபட்டது: இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நெக் வால்யூமை 8-க்கு இறக்கினால் உடம்பு திரும்பி வருகிறது, அந்த ஏக்கமும் மிச்சம் இருக்கிறது. ஆக, இரண்டு பிக்கப்புக்கும் ஒரே வால்யூம் பாட் என்றால் ஃபேஸ் ஸ்விட்சுக்கு ஓட்டை போட வேண்டாம் என்பேன். அதை வெளியே டாகிளாக வைத்ததும் தப்பு. சட்டைக் கை பட்டு ஒரு முறை பாட்டின் நடுவில் தானாகத் திரும்பியது. என்னைத் தவிர எல்லோருக்கும் சிரிப்பு.

இரண்டாவது வயரிங்கில் டாகிள்களை எல்லாம் எடுத்துவிட்டு வால்யூம், டோன் என்று இருந்த நாலு பாட்டையும் புஷ்-புல்லாக (மூடியை இழுத்தால், அமுக்கினால் ஸ்விட்சாகவும் வேலை செய்யும் பாட்) மாற்றினேன். வெளியே பார்க்க அழகு. உள்ளே பாட்டின் அடியில் ஸ்விட்ச் தொங்குவதால் குழியை இன்னும் ஆழமாகக் குடைய வேண்டி வந்தது. வியர்த்த விரலுக்கு வழுக்கு மூடி பிடி கொடுக்காது. எது இழுத்திருக்கிறது, எது அமுங்கியிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் அலுத்துவிட்டது.

இப்போது இருப்பது மூன்றாவது, மூன்று வருஷம் தாண்டிவிட்டது. நான்கு போல் (ஒரே நேரத்தில் மாறும் நான்கு தனித்தனி இணைப்பு) உள்ள ஐந்து நிலை பிளேடு ஸ்விட்ச் ஒன்று. முதல் நிலை நெக் முழுசாக, அடுத்தது நெக் பேரலல், நடுவில் இரண்டும் முழுசாக, நாலாவதில் இரண்டிலும் ஒவ்வொரு காயில் (ஹம் அடங்கும்படி பார்த்து எடுத்தது), கடைசியில் பிரிட்ஜ். டேப்பில் கோடு அதிகம் விழுந்த ஐந்தும் இவைதான். பேரலலில் இருந்து பிரிட்ஜுக்குத் தாவினால் இன்னும் சத்தம் ஏறத்தான் செய்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்ததில் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

பிளேடு ஸ்விட்சில் பற்றவைக்கும் கால்கள் நெருக்கமாக இருக்கும், ஒரு சொட்டு ஈயம் அதிகமானால் பக்கத்துக் காலில் ஒட்டும். மெல்லிய வயர் எடுங்கள். ஸ்விட்சைத் தகட்டில் மாட்டுவதற்கு முன் மேஜையில் வைத்தே எல்லாக் காலையும் பற்றவைத்துவிடுங்கள்.

ஃபேஸை விட மனசு வரவில்லை. பிரிட்ஜ் டோன் பாட்டின் புஷ்-புல்லில் ஒளித்து வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு முறை இழுப்பேன். சும்மா கிடக்கிற நாளில் அழுக்கு சேர்ந்துவிடுகிறது போல, இழுக்கும்போது ‘கரகர’ என்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் இரண்டு வாரம் தாங்குகிறது. அடுத்த முறை கம்பி மாற்றும்போது மூடியைக் கழற்றி அந்தப் பாட்டை மட்டும் மாற்ற வேண்டும்.