ஆர்க்கா, பிஎல்சியா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர், கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பண்ணைச் சேவை அலுவலகத்தில் ஆர்க் (வருமானம் குறைந்தால் ஈடு), பிஎல்சி (விலை குறைந்தால் ஈடு) என்ற இரண்டு மானியத் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் வருஷாவருஷம் கிடைத்துவந்த நேரடித் தொகையை நிறுத்திவிட்டு, அமெரிக்காவின் 2014 பண்ணைச் சட்டம் இவற்றைக் கொண்டுவந்தது.

பிஎல்சிக்கு விலை மட்டும்தான் கணக்கு. 2014 சட்டம் மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலர் என்று குறிப்பு விலை வைத்தது. நாடு தழுவிய சராசரி விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் கிடைக்கும். ஆர்க், விலையோடு கவுண்டியின் சராசரி விளைச்சலையும் பார்க்கும். ஐந்து வருஷக் கணக்கில் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு, வழக்கமான வருமானம் இவ்வளவு என்று வகுத்து, 2014 சட்டப்படி அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் ஈடுகட்டும். அதற்கும் வழக்கமான வருமானத்தில் 10 சதவீதம் என்று அப்போது உச்சவரம்பு.

2014 சட்டத்தின் கணக்கில், அரசின் பழைய பயிர்ப் பதிவுப்படி 100 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 85 ஏக்கருக்குத்தான் பணம். விலை 3.40 டாலர், அவர் பெயரில் பதிந்த விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல் என்றால், பிஎல்சியில் 3,825 டாலர். ஆர்க்கில், கவுண்டியின் வழக்கமான விளைச்சல் 180 புஷல், வழக்கமான விலை 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருஷம் அதே 3.40 டாலர் விலையில் கவுண்டி சராசரி 170 ஆனால் 3,502 டாலர் வரும். அதுவே 190 ஆனால் ஒரு பைசா கிடையாது.

இங்கேதான் வயிற்றெரிச்சல். ஆலங்கட்டி மழையில் உங்கள் வயல் பாதி போய், கவுண்டி முழுக்க அமோகமாக விளைந்தால் ஆர்க் கையை விரித்துவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால், அங்கிருப்பவர் பணம் வாங்க, இந்தப் பக்கம் இருப்பவர் வேடிக்கை பார்க்கலாம். பிஎல்சியும் உங்கள் வயலை எட்டிப் பார்ப்பதில்லை, ஆனால் இப்படி அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் வராது. சொந்த வயலின் நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீடுதான் கதி.

அப்படியிருந்தும் 2014இல் மக்காச்சோளக்காரர்களில் பெரும்பாலோர் ஆர்க் பக்கம்தான் சாய்ந்தார்கள். காரணம் 2012 வறட்சி. அந்த வருஷம் சராசரி விலை 6.89 டாலர்! அந்தக் காலத்து விலைகளின் புண்ணியத்தில் ஆர்க் உத்தரவாதம் உயரத்தில் நின்றது. அந்த வருஷங்கள் கணக்கிலிருந்து கழன்றதும் கவர்ச்சியும் போயிற்று. 2019 பயிருக்குப் பெரும்பகுதி பிஎல்சிக்கு மாறிவிட்டது. தெற்கே வேர்க்கடலைக்காரர்கள் குறிப்பு விலை தாராளமாக இருந்ததால் முதலிலிருந்தே பிஎல்சிதான்.

என்னைக் கேட்டால், பாசன வசதியால் விளைச்சல் அதிகம் ஆடாத கவுண்டியில் பிஎல்சி. விலை குறிப்பு விலைக்கு மேலே நின்று, விளைச்சல் மட்டும் காலை வாரும் இடத்தில் ஆர்க். 2014இல் தேர்ந்ததை ஐந்து பயிராண்டுக்கு மாற்ற வழியில்லை. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம் என்பதால் தவறினாலும் பெரிய மோசமில்லை.

2025 சட்டம் குறிப்பு விலையை 4.10 டாலராகவும் ஆர்க் உத்தரவாதத்தை 90 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 பயிருக்கு மட்டும் தேர்வுத் தலைவலியும் இல்லை. இரண்டில் எது அதிகமோ அது தானாக வரும். ஆனால் பணம் 2026 அக்டோபருக்குப் பிறகுதான். அதற்குள் அடுத்த மக்காச்சோளம் அறுவடைக்கு வந்திருக்கும்.